காப்பிக் கறை என்று சொன்னவர்

டெல்மர் ஹாஸ்கின்ஸ் வாயைத் திறந்தால் காப்பி மெஷின் பக்கம் நாலு பேர் கூடிவிடுவார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பர்பாங்கில் நான் வேலை பார்த்த கார்ட்டூன் ஸ்டூடியோக்களில் அவரளவுக்குச் சிரிக்க வைத்த ஆள் வேறு யாரும் இல்லை. நெடுநெடுவென்ற உருவம், கொஞ்சம் கூன், கட்டம் போட்ட சட்டை. எல்லோரும் திரையில் வரையும் காலத்திலும் காதில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். கூட்டம் நடக்கும்போது அதை எடுத்து, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கையும் முழியையும் இரண்டே கோட்டில் பிடித்துவிடுவார். யாரை வரைந்தாரோ அவரே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்வார்.

அவருக்கு ஸ்டோரிபோர்டு வேலை. எழுதிக் கொடுத்த கதையை, யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று கட்டம் கட்டமாக வரைந்து தர வேண்டும். அந்தப் படங்களை வாங்கிக் குரலோடு சேர்த்து, எது எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று வெட்டி ஒட்டுவது என் வேலை. அதனால் வாரத்தில் பாதி நாள் அவர் என் அறையில்தான் கிடப்பார்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியின் மகன். பள்ளி விட்டு வந்ததும் தொலைக்காட்சியில் பழைய தியேட்டர் கார்ட்டூன்களைப் போடுவார்களாம். நிறுத்தி வைத்துப் பார்க்கும் வசதியெல்லாம் அப்போது கிடையாது. பூனை சுவரேறிக் குதிக்கிற அந்த ஒரு நிலையைக் கண்ணுக்குள் வாங்கிக்கொண்டு, வரைவதற்குச் சமையலறை மேசைக்கு ஓடுவாராம். இருபது வயதில் படக் கட்டோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். பெரிய சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எண்பதுகளில், ஒரு பொம்மைக் கம்பெனி தன் பொம்மைகளை விற்பதற்காக எடுத்த 'இடி ஓநாய்கள்' என்ற தொடரில் சேர்ந்தார். சனிக்கிழமைக் காலைகளில் நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் கிண்ணத்தில் பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள். அதன் பிறகு அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் அமையவில்லை. கல்யாண வீடுகளில் விருந்தாளிகளின் முகங்களைக் கேலியாக வரைந்துகூடக் காலம் தள்ளியிருக்கிறார்.

அவருக்கு அறுபது நெருங்கியபோது கோரா இபாரா கூப்பிட்டு வேலை கொடுத்தாள். முப்பத்தொரு வயதுப் பெண். சொந்தமாகக் கதை யோசித்து, சேனல்காரர்களை ஒப்புக்கொள்ள வைத்து, ஒரு தொடரையே தலைமேல் தூக்கிக்கொண்டு நடத்தியவள். தொடரின் பெயர் 'பிப்பும் குட்டையும்'. பெற்றோர் இல்லாத பிப் என்ற பெண் குழந்தையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வளர்க்க அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மழைநீர்க் குட்டை அவள் பின்னாலேயே வருகிறது. அதற்குக் கை கிடையாது, கால் கிடையாது. நெளிநெளியான ஒரு வட்டம், உள்ளே கண்ணுக்கு இரண்டு புள்ளி. அவ்வளவுதான்.

டெல்மருக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. என் அறைக்கு வந்து புலம்புவார்.

"ரஸ், இதுல என்னய்யா இருக்கு வரைய? அந்தக் காலத்துல ஒரு கை வரைஞ்சா உள்ள எலும்பு இருக்கறது தெரியணும். பூனை குதிச்சா நம்ம வீட்டுத் தரை அதிரணும். இப்ப பாரு, எல்லா மூஞ்சியும் உருளைக்கிழங்கு. எல்லாக் கையும் நூடுல்ஸ்."

"பசங்களுக்குப் பிடிச்சிருக்கே, டெல்."

"பசங்களுக்கு மண்ணும்தான் பிடிக்கும். தின்ன விடுவோமா?"

நானும் சிரிப்பேன். அவர் சொன்னதில் பாதி உண்மை என்றுதான் எனக்கும் பட்டது. பழைய கார்ட்டூன்களில் உடம்புக்கு எடை இருந்தது. ஆனால் அதில் ஒருவன் தலையில் இரும்புக் குண்டு விழும், அடுத்த நொடி எழுந்து ஓடுவான். இப்போதைய தொடர்களில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிட்டால், அது மூன்று வாரம் கழித்தும் மனதில் கிடக்கும். கோராவின் தொடரை வெட்டி ஒட்டும்போது நான் சில இடங்களில் கண்ணைத் துடைத்திருக்கிறேன். அதை டெல்மரிடம் சொன்னதில்லை. கேலி செய்வார் என்ற பயம்தான்.

அந்த வசந்தகாலத்தில் ஒஹையோவிலிருந்து இரண்டு பேர் அவரைத் தேடிப் பிடித்தார்கள். எண்பதுகளின் கார்ட்டூன்கள் மேல் பைத்தியமான ஆட்கள். இணையத்தில் பாட்காஸ்ட் என்ற பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். 'இடி ஓநாய்கள்' பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். முப்பது வருஷமாக அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் கராஜில் உட்கார்ந்து, இரண்டு பீர் உள்ளே போனபின், தொலைபேசியில் அவர்களோடு பேசினார். அவர்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பவர்கள் கிடைத்தால் டெல்மருக்கு நிறுத்தத் தெரியாது.

"இப்ப என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"இப்பவா? காப்பிக் கறை வரையறேன். யாரோ மேசையில காப்பியைக் கொட்டிட்டாங்க, அதுக்கு ரெண்டு கண்ணு வச்சு ஹீரோங்கறாங்க. அதை உண்டாக்கின பொண்ணுக்குக் கை வரைய வராது. அதான் கையே இல்லாத ஒண்ணை ஹீரோவாக்கிட்டா. புத்திசாலி."

அந்த ஒலிப்பதிவை நான் பிறகு கேட்டேன். அந்த 'புத்திசாலி'க்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துகிறார். பழகிய கை. சிரிப்பு எங்கே விழும் என்று தெரிந்து நிறுத்துகிற நிறுத்தம்.

பாட்காஸ்ட் வெளியான நாலைந்து நாளில் அந்தத் துண்டு மட்டும் தனியே கிளம்பி ஊர் சுற்ற ஆரம்பித்தது. கோராவின் தொடரை வெறுக்கும் கூட்டம் ஒன்று இணையத்தில் முன்பே இருந்தது. வளர்ந்த ஆண்கள். தங்கள் சிறுவயதை யாரோ திருடிவிட்டதாக அவர்களுக்கு ஒரு கோபம். அவர்களுக்கு இது அல்வா. 'அங்கேயே வேலை பார்க்கும் பழைய ஓவியரே சொல்லிவிட்டார்' என்று தலைப்புப் போட்டு, கோராவின் படத்தோடு பரப்பினார்கள். கீழே அவளுடைய முகத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி, அவள் குடும்பம் எல்லை தாண்டி வந்ததா என்பதைப் பற்றி எழுதிய எதையும் இங்கே எழுத எனக்குக் கை வராது.

டெல்மர் இணையம் பக்கம் போகாதவர். புதன்கிழமை காலை வழக்கம்போல டோனட் பெட்டியோடு வந்தார். காப்பி மெஷின் பக்கம் யாரும் கூடவில்லை. பின்னணிக் காட்சிகள் வரையும் எஃப்ராயின் மட்டும் கோப்பையை நிரப்பிக்கொண்டிருந்தான்.

"என்னடா, எழவு வீடு மாதிரி இருக்கு. யாராவது செத்துட்டாங்களா?" என்றார் டெல்மர்.

எஃப்ராயின் அவரை ஒரு முறை பார்த்தான். "ஒண்ணுமில்ல டெல். இங்க காப்பி கொட்டியிருக்கு. பாத்துப் போங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். தரையில் ஒன்றும் கொட்டியிருக்கவில்லை.

அவர் நேரே என் அறைக்கு வந்தார். நான் என் கணினியில் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்கும்போது முதலில் அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. நல்ல ஜோக்குக்கு உடம்பு தானாகக் காட்டுகிற சிரிப்பு. பிறகு கீழே இருந்தவற்றைப் படிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் படித்துவிட்டு, "இதெல்லாம் நான் சொல்லலையே," என்றார்.

"நீங்க சொல்லல."

"நான் வரையறதைப் பத்தித்தானே சொன்னேன்."

அவர் கழுத்திலிருந்து காது வரை சிவந்து போயிருந்தது. டோனட் பெட்டியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று முழுக்க அவர் தன் அறைக் கதவைத் திறக்கவில்லை.

கோராவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று மறுநாள் நான் சொன்னேன். "போறேன், போறேன்," என்றார். இரண்டு தடவை அவள் அறை வரை போய்விட்டுத் திரும்பி வந்ததை நானே பார்த்தேன். ஒரு தடவை உள்ளே சேனல் ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு தடவை அவள் தனியாகத்தான் இருந்தாள்.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் ஸ்டூடியோவில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாராவது ஒருவருடைய ஆரம்பகால வேலையைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்போம். கோரா ஆரம்பித்து வைத்த வழக்கம். அந்த மாதம் டெல்மர் முறை. இது பல வாரங்களுக்கு முன்பே முடிவான விஷயம். திரையிடும் அறைக் கதவில் எப்போதும் ஒரு சுவரொட்டி இருக்கும். இந்தத் தடவை கோராவே வரைந்து, அந்தத் துண்டு வெளியாவதற்கு முன்பே ஒட்டியிருந்தாள். ஓநாய்த் தலைவன் வாளை ஓங்கி நிற்கிறான். மார்பும் தோளும் ஓரளவு சரியாக வந்திருந்தன. வாளைப் பிடித்த கையில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் வாழைப்பழச் சீப்பு மாதிரி இருந்தன. பல தடவை அழித்து அழித்து வரைந்த தடம் தெரிந்தது. அடியில், 'நம் டெல்மரின் ஓநாய்கள். சாப்பிட டாக்கோ உண்டு' என்று எழுதியிருந்தாள்.

அவள் அதை எடுக்கவில்லை. வேறு யாரும் எடுக்கவில்லை. டெல்மர் அந்தக் கதவின் முன் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

"அங்க ஏன்? இது உங்க படம், முன்னால வாங்க," என்று கோரா கூப்பிட்டாள். குரலில் எந்தக் குத்தலும் இல்லை. அவர் எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று.

படம் ஓட ஆரம்பித்தது. இத்தனை வருஷமாக அவர் வாயால் கேட்டுக் கேட்டு 'இடி ஓநாய்க'ளைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. திரையில் வந்தது வேறு. ஓநாய்கள் ஓடின. பின்னால் ஒரு மலை போயிற்று. மறுபடி அதே மலை. ஓடுகிற அதே ஓட்டத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டிருந்தார்கள். யார் பேசினாலும் உடம்பு கல்லாக நிற்க, வாய் மட்டும் மூடித் திறந்தது.

"டெல், அந்த மலை மறுபடியும் வருது," என்று யாரோ சொன்னார்கள்.

"அது டூர் வந்திருக்கு," என்றது இன்னொரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பகையில்லாத சிரிப்பு. அந்த வாரத்தில் அந்தக் கட்டடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

பெண் ஓநாய் ஒன்று வந்தது. கால் இடறி விழுந்து, காப்பாற்றுங்கள் என்றது. பிறகு வேறொரு இடத்தில் விழுந்து அதையே சொன்னது. அதற்குப் பிறகு வில்லனின் அடியாளாக ஒரு நரி வந்தது. தொங்கு மீசை, பெரிய வைக்கோல் தொப்பி, கொச்சை ஆங்கிலம், திருட்டுக் கோழி: மெக்சிகோக்காரன் என்றால் இப்படித்தான் என்கிற பழைய கேலி. எங்கள் குழுவில் பாதிப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அறையில் டாக்கோ காகிதம் கசங்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

எஃப்ராயின் இருட்டில் மெதுவாகச் சொன்னான்: "எனக்கு இந்த நரி ஞாபகம் இருக்கு. ஸ்கூல்ல என்னை இந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

ஸ்டோரிபோர்டு, டெல்மர் ஹாஸ்கின்ஸ் என்று தொடக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நரியின் தொப்பியைக் கண் வரை இழுத்து விட்டது தன் யோசனைதான் என்று அவரே ஒரு தடவை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, குளிர்காலத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

கடைசிப் பகுதியில் ஒரு காட்சி வந்தது. கிழட்டு ஓநாய் நெருப்போரம் படுக்கிறது. சில நொடிகள்தான். படுப்பதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி, முன்னங்காலால் தரையைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிற பின்னங்காலை மெல்ல ஒதுக்கி, பெருமூச்சோடு இறங்குகிறது. அதுவரை அட்டையில் வெட்டிய மாதிரி இருந்த படத்தில் திடீரென்று ஒரு உயிர் மூச்சு விட்டது. முன்வரிசையில் பல பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"நிறுத்துங்க, அதை மறுபடி போடுங்க," என்றாள் கோரா.

மறுபடி போட்டார்கள். அவள் டெல்மர் பக்கம் திரும்பினாள். கண்ணில் நிஜமான வியப்பு. "இது நீங்களா? நீங்க எப்பவும் சொல்ற எடைன்னா இதுதானே? எனக்கு இப்பத்தான் புரியுது."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அந்த அறையில் மறுத்துச் சொல்ல யாரும் இல்லை. வருஷக்கணக்காக அவர் அப்படித்தான் தலையாட்டி வந்திருக்கிறார். நான்கூட அதை அவர் கைவேலை என்றே நினைத்திருந்தேன்.

"இல்ல," என்றார் டெல்மர். "நான் ஓநாய் படுத்திருக்கறதா ஒரே ஒரு படம் போட்டேன். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கொரியாவுல, சோல்ல வரைஞ்சது. அங்கதான் எல்லாத்தையும் அசைய வைப்பாங்க. யாரோ ஒரு ஆளு வீட்ல கிழட்டு நாய் வச்சிருந்திருக்கான்."

"யாரு அவரு?"

"தெரியாது. பேர் போடல. நான் கேக்கவும் இல்ல."

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

அன்று மத்தியானமே அவர் கோராவின் அறைக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். தனியாகப் போனால் வாசலிலேயே திரும்பிவிடுவேன் என்றார். நான் கதவோரம் நின்றுகொண்டேன்.

"கோரா, அந்தப் பேச்சு..." என்று ஆரம்பித்தார்.

"உக்காருங்க டெல்."

"நிக்கறேன். நான் சொன்னது தப்பு. அவங்க சிரிச்சாங்க, நான் மேல மேல போய்ட்டேன்."

கோரா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். அந்த வாரம் அவள் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "கோவம் இல்லைன்னு சொன்னா பொய். என் தங்கச்சி அதையெல்லாம் படிச்சிட்டு அழுதுகிட்டே போன் பண்ணா. ஆனா ஒண்ணு சொல்லவா? ஜோக் நல்லா இருந்தது. எனக்குக் கை வரைய வராதுங்கறது உண்மைதான். கதவுல பாத்திருப்பீங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"குட்டை எங்க இருந்து வந்துச்சுன்னு முதல் நாள் கூட்டத்துல சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அந்த முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோராவும் அவள் தங்கையும் சிறுவயதில் வீடு வீடாக மாற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் ஒரு அரசாங்கக் கார் வந்து கூட்டிப் போகும். பின்சீட்டில் உட்கார்ந்து, மூச்சு படிந்த கண்ணாடியில் விரலால் ஒரு வட்டமும் இரண்டு புள்ளியும் வரைந்து, நம்மோடு இதுவும் வருகிறது என்று தங்கைக்குக் காட்டுவாளாம். காகிதமும் பென்சிலும் இல்லாத பிள்ளைகூட வரைய முடிகிற ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று அன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது டெல்மர் அறையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சேனலிலிருந்து வந்த மொட்டைத்தலைக்காரரை வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படம் இன்னும் என் சுவரில்தான் இருந்தது.

"நான் கவனிக்கல," என்றார் டெல்மர்.

"நம்ம தொடர் ஒரு எபிசோடாவது முழுசா பாத்திருக்கீங்களா?"

ஒரு வருஷத்துக்கு மேல் அதில் வேலை பார்த்தவர், தன் பங்குக் கட்டங்களைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

"சரி. அடுத்த வாரப் போர்டு திங்கக்கிழமை வேணும்," என்று சொல்லிவிட்டு அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை வீட்டில் தன் மனைவி லொரேனிடம், அந்தத் தொடரை எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார். இதை லொரேனே எனக்குச் சொன்னாள்.

"எந்த எபிசோடு வேணும்? எல்லாம் இந்த டிவியிலயே இருக்கு," என்றாளாம் அவள்.

"நீ பாக்கறியா இதை?"

"வாராவாரம் பாக்கறேன். கடைசியில உன் பேர் வருதே."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னா கிண்டல் பண்ணுவ. எனக்குப் பிடிச்சது ஒண்ணாவது உன் வாய்ல விழாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவள் சாதாரணமாகச் சொன்ன பேச்சு. அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். இருவரும் மத்தியானம் வரை பார்த்தார்கள். ஒரு எபிசோடில் பிப் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். அந்த வீட்டம்மாள் நல்லவள்தான், ஆனாலும் வைத்துக்கொள்ள முடியவில்லை. வாசலில் இருவரும் நிற்கிறார்கள். யாரும் அழவில்லை, யாரும் ஓடவில்லை, பேச்சும் இல்லை. வெயிலில் குட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. அந்த இடத்தை ஸ்டோரிபோர்டில் போட்டவரே டெல்மர்தான். ஒன்றுமே நடக்காத காட்சியை வரையச் சொல்கிறார்கள் என்று என் அறையில் வந்து குதித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வந்தபோது லொரேன் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும், "கை இன்னும் நூடுல்ஸ் மாதிரிதான் இருக்கு," என்றாராம். குரல் சரியாக இல்லை என்றாள் லொரேன்.

அதன் பிறகு அவர் செய்த காரியங்கள் எதுவும் உருப்படியாக முடியவில்லை. ஒஹையோக்காரர்களைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்க வேண்டும், மறுபடி பேசவிடுங்கள் என்றார். பேசவிட்டார்கள். ஆனால் அவர்கள் நடுநடுவே சிரித்தார்கள். ஸ்டூடியோவில் மிரட்டிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டார்கள். இல்லை, நானாகத்தான் சொல்கிறேன் என்று அவர் சொல்லச் சொல்ல, மிரட்டப்பட்டவர் பேசுகிற மாதிரியே கேட்டது. கூட்டம் அதையும் எடுத்துக்கொண்டு, பாவம் பெரியவரை மண்டியிட வைத்துவிட்டார்கள் என்று கோராவின் மேல் இன்னொரு சுற்றுப் பாய்ந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கப் போய் இன்னொரு கல்லையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார் என்னிடம்.

நெருப்போரம் படுத்த ஓநாயை வரைந்த ஆளையும் தேடினார். அந்தக் காலத்தில் சோலுக்குப் போய் வந்த இரண்டு மூன்று பேரிடம் விசாரித்தார். அந்தப் படக்கூடம் எப்போதோ மூடிவிட்டது. அங்கே ராத்திரி பகலாக வேலை வாங்குவார்கள், பலர் மேசைக்கு அடியிலேயே தூங்குவார்கள் என்பதுதான் கிடைத்த செய்தி. அதை என்னிடம் சொல்லிவிட்டு, "தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னாடி போர்டையெல்லாம் பார்சல்ல சோலுக்கு அனுப்பிட்டு நாங்க லீவுல போயிடுவோம், ரஸ்," என்றார்.

எஃப்ராயினிடம் மட்டும் அவரால் கடைசிவரை பேச முடியவில்லை. ஒரு தடவை அந்த நரியைப் பற்றிப் பேச்செடுத்தார். எஃப்ராயின் பெரிய மனுஷனாக, "விடுங்க டெல், அப்ப எல்லாரும் அப்படித்தானே," என்று சொல்லி மூடிவிட்டான். எல்லோரும் அப்படித்தான் என்பதை டெல்மரே பல கூட்டங்களில் பல காரியங்களுக்குச் சாக்காகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் தனக்காகச் சொல்லும்போது அதைக் கேட்டு நிற்க முடியாமல் கழிவறைப் பக்கம் போய்விட்டார்.

அந்த சீசன் முடிகிற வரை வேலை பார்த்தார். சொன்ன நாளுக்கு முன்பே போர்டு கொடுத்தார். காப்பி மெஷின் பக்கம் நின்று யாரையும் சிரிக்க வைக்கவில்லை. இளையவர்கள் தாங்களாக வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுவார். அடுத்த சீசனுக்கு ஆட்களைக் கூப்பிட்டபோது கோரா அவரைக் கூப்பிடவில்லை. ஸ்டோரிபோர்டு ஆட்களைக் குறைத்துவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னாள். உண்மையாகவும் இருக்கலாம். டெல்மர் காரணம் கேட்கவில்லை. பிறகு க்ளெண்டேலில் ஒரு சின்ன ஸ்டூடியோவில், மாயக் காலணி போட்ட வாத்துகளின் தொடர் ஒன்றில் சேர்ந்தார். அங்கே யாராவது இப்போதைய கார்ட்டூன்களா அந்தக் காலத்து கார்ட்டூன்களா என்று ஆரம்பித்தால், வெளியே போய் நின்றுகொள்வாராம்.

ஒரு வருஷம் கழித்து, தேங்க்ஸ்கிவிங்குக்கு முதல் நாள் அவரும் நானும் மக்னோலியா தெருவில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். லொரேன் விருந்துக்குக் கிரான்பெரிப் பழம் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். காய்கறிப் பக்கம் கோரா கையில் கூடையோடு நின்றிருந்தாள். அவர்தான் முதலில் பார்த்தார். தள்ளுவண்டியைத் திருப்பப் போனார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"டெல்!" என்று வந்து கட்டிக்கொண்டாள். "லொரேன் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நடக்கறாங்களா?"

"நடக்கறா. படியேற மட்டும் கஷ்டம்."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. போகப் போகச் சரியாயிடும்." அவள் அம்மா என்றது, கடைசியாகப் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்ட வீட்டின் அம்மாவை. வாத்துத் தொடர் எப்படிப் போகிறது என்று கேட்டாள். தங்கை வீட்டுக்குப் போகிறேன், விருந்துக்குப் பூசணி பேஸ்ட்ரி வாங்க வந்தேன், தீர்ந்துவிட்டது என்றாள். டெல்மர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், அவள் கூடையில் இருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பார்த்தபடியே. போகும்போது என் தோளைத் தட்டிவிட்டு, அவருக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சாவியைப் போடவில்லை. கிரான்பெரிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே பேசினா," என்றேன்.

"ரொம்ப நல்லா பேசினா," என்றார். "அவ மூஞ்சியை நான் பாக்கவே இல்ல, ரஸ். முடியை வெட்டியிருக்காளா?"

வெட்டியிருந்தாள். சொன்னேன்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.